வீட்டுப்பாடம் எழுதினால் மழை பெய்யும்

நவம்பர் 6, வியாழன்

இன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான். கண்ணமங்கலத்தில் ஏறி, பள்ளி இருக்கும் சேவூரில் இறங்கும்வரை, சுருட்டிய சார்ட்டுகளை யார் முதுகிலும் இடிக்காமல் பிடித்து வந்ததே பெரிய வித்தை. கண்டக்டர், "இன்னா டீச்சர், கல்யாண பேனரா?" என்றார். ஆமாம், எனக்குத்தான் கல்யாணம். நாளைக்கு மாவட்டத்திலிருந்து ஆபீசர் வருகிறார், எட்டாம் வகுப்பில் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க.

பதினெட்டு வருஷ வேலையில் என் பாடத்தைப் பார்க்க என்று ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. கழிப்பறையைப் பார்க்க வந்திருக்கிறார்கள், சத்துணவு முட்டையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பாடத்தைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. நான் மனப்பாடம் பண்ணியே பி.எட். வரைக்கும் வந்தவள். ஏன், எதற்கு என்று ஒரு வாத்தியாரும் என்னைக் கேட்டதில்லை; கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று முடி சுமந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் நானும் அந்தச் சேற்றுக்குத்தான் என்று பயம். போன வருஷப் பயிற்சியில்தான் இந்தப் படங்கள் கிடைத்தன. மனவரைபடம், மீன்முள் படம், தொடர்படம். பிள்ளைகள் யோசிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்றார்கள். "படத்துக்கு பாஷை கிடையாது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி புரியும்" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னபோது முதலில் கைதட்டியது நான்தான்.

நாளைக்குத் தொடர்படம். ஒன்று நடந்தால் அடுத்து என்ன, அதனால் அதற்கடுத்து என்ன. ஒரு தாளில் ஸ்கேல் வைத்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆறு கட்டம் போட்டேன், கட்டத்துக்குக் கட்டம் ஒரு கோடு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜெராக்ஸ் கடையில் "ஜல்திங்க, ஜல்திங்க" என்று நச்சரித்து நாற்பது காப்பி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்!

"மழை பெய்தால் என்ன நடக்கும்?" இதுதான் கேள்வி. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. ஏரி நிரம்பும், பயிர் விளையும், விவசாயி மகிழ்வார் என்று முப்பத்தோரு பேர் தாங்களே எழுதினார்கள். ஆபீசர் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் படித்தார். நிலாவின் தாளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு தாள்தான் தமாஷ். தீபா தலைகீழாக எழுதி வைத்திருந்தாள். முதல் கட்டத்தில் 'நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்', கடைசிக் கட்டத்தில் 'மழை பெய்யும்'. ஆபீசர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏம்மா, நீ வீட்டுப்பாடம் எழுதினா மழை பெய்யுமா?" என்று சிரித்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான், அடக்கவே முடியவில்லை. தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். "இந்தப் பொண்ணுக்கு இன்னும் யோசிக்க வரல சார், வர வெச்சிடலாம்" என்றேன். அந்தப் பேச்சு ஆபீசருக்குப் பிடித்துவிட்டது. டிசம்பர் 12 அன்று மற்ற பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி வந்து என் வகுப்பைக் காட்டப் போகிறாராம்.

எச்.எம். அபிதகுசாம்பாள் மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பத்து வருஷத்தில் அவர் கை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பஜ்ஜி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "அம்மாவுக்கு இன்னிக்கு யாரோ நல்ல பேர் குடுத்துட்டாங்க" என்றாள் என் மகள் இனியா, பொட்டலத்தைப் பிரிக்காமலே.

நவம்பர் 10, திங்கள்

ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் என் போட்டோ. அறுபத்தொரு கட்டைவிரல். உட்கார்ந்து எண்ணினேன், ஆமாம், எண்ணினேன்.

நவம்பர் 20, வியாழன்

எட்டு நாள் வாக்காளர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஆரணி டவுனில் வீடு வீடாக அலைந்துவிட்டு இன்றுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். தெரு நாய்களே என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. வருகைப் பதிவைத் திறந்தால், தீபா பெயருக்கு நேரே பத்தாம் தேதியிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் 'வரவில்லை'.

"எங்கடி போனா அவ?" என்று கேட்டேன். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பின் பெஞ்சில் யாரோ, "மழ தீபாவா டீச்சர்?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அதட்டினேன். பதிவில் இருந்த போன் நம்பரைப் போட்டேன், அணைத்து வைத்திருந்தது. காய்ச்சலாக இருக்கும்.

நவம்பர் 25, செவ்வாய்

மீன்முள் படம் போட்டேன். மீனின் தலையில் பிரச்சினையை எழுத வேண்டும், ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம். 'ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வருவதில்லை?' என்று தலையில் எழுதினேன். தீபா பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கலாம், வீட்டில் வேலை, பஸ் வரவில்லை, படிப்பு பிடிக்கவில்லை. நிலாவின் குழுவில் ஆறாவது முள் காலியாக இருந்தது. "அதையும் ரொப்பு" என்றேன். நிலா பேனாவை மூடிவிட்டாள். "அது எழுதக் கூடாதுங்க டீச்சர்."

"ஏன் எழுதக் கூடாது? யாருன்னாலும் எழுது, பயப்படாத."

"வேணாங்க டீச்சர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்கத்தானே படம், காலியாக விட்டால் எதற்குப் படம் என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது அவளுக்கு. எழுதவில்லை. சார்ட்டைச் சுவரில் மாட்டினேன், அந்தக் காலி முள்ளோடு.

வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? கல்யாணப் பேச்சா? பதிமூன்று வயசு. சாமி, அதுமட்டும் வேண்டாம்.

நவம்பர் 27, வியாழன்

தீபா வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான்கு வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கிற சந்து. அவள் அப்பா வேணுகோபால் நெசவாளிகளுக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். தறி மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் அந்த ஓட்டை அட்டைகளை மாட்டினால்தான் சேலையில் பூ விழும். அவர் வீட்டில் இல்லை. அம்மா பூங்காவனம் மட்டும் வாசலில் நின்றார்.

"ஒடம்பு செரியில்லீங்க டீச்சர். வந்துடுவா."

"பார்க்கலாமா?"

"தூங்கிகினு கீறா."

உள்ளே கொலுசு ஓடி ஒளிகிற சத்தம் கேட்டது. நானும் கேட்டேன், பூங்காவனமும் கேட்டார். இருவரும் கேட்காதது மாதிரி நின்றோம். காபி கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

எச்.எம். கூப்பிட்டார். தீபா பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்து ஆன்லைனில் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகள் கிடக்கிற இடம் அது.

"பன்னண்டாம் தேதி ஊரே வந்து ரிஜிஸ்டரப் பாக்கும், கண்ணகி. ஒரு மாசமா வராத பொண்ண வெச்சிகினு நாம என்ன மாடல் கிளாசு காட்டறது?"

"கூட்டிகினு வந்துடறேன் மேடம்."

"பன்னண்டுக்குள்ள."

பதினைந்து நாள். அதற்குள் அவள் வரவில்லை என்றால் நம் வகுப்பில் தீபா என்று ஒருத்தி இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அப்புறம் யார் தேடுவார்கள் அவளை?

டிசம்பர் 2, செவ்வாய்

மூன்று நாளாக மழை. குடைக் கம்பி உடைந்து, முழுக்க நனைந்து போய் நின்றேன் அந்த வாசலில். வேணுகோபால் இருந்தார். வேலை இல்லையாம். "தறிக்குழியில எல்லாம் தண்ணி ஊறிகினு கீதுங்க. நெசவே இல்ல, அட்ட யாரு கேக்கப் போறாங்க" என்று துண்டு எடுத்துக் கொடுத்தார். உள்ளறையில் தீபாவின் முதுகு தெரிந்தது. மடியில் நோட்டு வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு வராத பிள்ளை என்ன எழுதுகிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, விட்டுவிட்டேன்.

"ஏங்க அனுப்பல? ஏதாச்சும் பிரச்சினைன்னா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மரியாதையாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்களே ஆபீசர்கிட்ட சொல்லிட்டீங்களாமேங்க டீச்சரம்மா, பொண்ணுக்கு யோசிக்க வரலன்னு. வந்து சொல்லி அழுதுச்சு. டீச்சரு சொன்னா செரியாத்தான் இருக்கும்னு நானும் வுட்டுட்டேன். எனக்கும் கண்ணு மங்கிகினே போவுது, கூட இருந்து டிசைன் தாள்ல வரிச படிச்சு சொல்லட்டும்."

நானா? நான் எப்போ சொன்னேன்?

கேட்கவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அதுதான். நானா சொன்னேன்? எப்போ? வீட்டுக்கு வந்து ஈரத்தோடு இந்த நோட்டைத்தான் எடுத்தேன். பின்னாலிருந்து புரட்டினேன். காலி முள், போன் நம்பர், கட்டைவிரல். நவம்பர் 7.

'ஒரு தாள்தான் தமாஷ்.'

அடிப்பாவி கண்ணகி. உன் கையெழுத்துதான். அழகாக எழுதி வெச்சிருக்கியே. யார் அடிக்கிறாங்க, யார் கல்யாணம் பண்றாங்கன்னு ஊரெல்லாம் கேட்டியே. ஆறாவது முள்ளுல எழுத வேண்டிய பேரு உன்னோடதுடி. முப்பத்தோரு பிள்ளைக்கும் தெரியும், உனக்குத் தெரியாதா? பஜ்ஜி தின்னியே அன்னிக்கு!

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபத்துக்கு விடுமுறை. இனியா அகல் ஏற்றினாள். நான் எண்ணெய் மட்டும் ஊற்றினேன்.

டிசம்பர் 4, வியாழன்

பள்ளி பீரோவைக் கவிழ்த்துப் போட்டு அந்தத் தாளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் பெருக்கல் குறி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் கிழிக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் தப்பாகத்தான் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதுவேன், அப்பாவுக்கு வரிசை படிக்க ஆள் வேண்டாம், அட்டை வேலை வராது... என்ன இது?

தப்பாக எழுதினால் என்ன, சிரிப்பதா அதற்கு? எட்டாவதில் என்னைப் பார்த்து ஒருத்தர் இப்படிச் சிரித்திருந்தால் நான் இன்றைக்கு எங்கே நின்றிருப்பேன்? கழனியில். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

பதினெட்டு வருஷம். எத்தனை தாள், எத்தனை சிவப்பு. வராமல் போன பிள்ளைகளை எல்லாம் 'படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. ஒருத்தியைத்தான் இப்போது தெரியும். மீதி?

இனியா தாளை வாங்கிப் பார்த்தாள். பதினொன்றாம் வகுப்பு, எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிற வயசு. "அம்புக்குறியே இல்லியேம்மா. எங்க ஆரம்பிக்கணும்னு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"மேலதான்டி ஆரம்பிப்பாங்க. இது ஒரு கேள்வியா?"

நாளைக்குப் போய்க் காலில் விழுவதானாலும் விழுந்துவிட வேண்டியதுதான்.

டிசம்பர் 5, வெள்ளி

ஒழுங்காக எழுது, கண்ணகி. நடந்ததை நடந்தபடி.

மழை விட்டிருந்தது. தெருவில் திரும்பும்போதே தறிச் சத்தம். தீபா வீட்டிலிருந்து டொக் டொக் என்று அட்டை குத்தும் சத்தம். கதவு திறந்திருந்தது. வேணுகோபால் தரையில் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தார். சுவரில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட டிசைன் தாள், கிராப் என்கிறார்கள், ஆணியில் தொங்கியது. அதற்கு முன்னால் தீபா. விரலைத் தாளில் வைத்து, திக்காமல், யோசிக்காமல், தண்ணீர் பட்ட பாடாகப் படித்தாள்: "ரெண்டு வுடு, மூணு குத்து, ஒண்ணு வுடு, நாலு குத்து." எனக்கு அந்தத் தாளைப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. அவளுக்கு அது மயில்.

ஒரு வரிசை முடிந்தது. அவள் விரல் கீழே இறங்கவில்லை. மேலே ஏறியது. அடுத்த வரிசை. மறுபடியும் மேலே.

"ஏம்மா, மேலருந்து படிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

தீபா திடுக்கிட்டுத் திரும்பினாள். பதில் சொன்னவர் அவள் அப்பா. "அதெப்பிடிங்க மேலருந்து? கீழ் வரிதாங்க மொதல்ல நெய்யறது. மொத அட்ட அதான். மேல போவப் போவத்தான பூவு முடியும்."

பையில் இருந்த தாளை எடுத்தேன். கீழ்க் கட்டத்தில் விரலை வைத்தேன். சத்தமாகப் படித்தேன்.

"மழை பெய்யும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நெசவு நிற்கும். அட்டை வேலை வராது. அப்பாவுக்கு வரிசை படிக்க ஆள் வேண்டாம். நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்."

செவ்வாய்க்கிழமை மழையில் நான் அதையே கண்ணால் பார்த்தேன். அவள் மடியில் நோட்டு இருந்தது. ஆறு கட்டமும் என் எதிரில் நடந்துகொண்டிருந்தது. நான் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு தாளில் யோசித்து எழுதிய தாள் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏரி, பயிர், மகிழ்ச்சி, புத்தகத்தில் இருப்பது. மனப்பாடம்! அதற்குத்தான் நான் டிக் போட்டேன், அதைத்தான் ஆபீசர் போட்டோ எடுத்தார். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போடத் துப்பில்லாதவள் நான். பஸ்ஸுக்கு நேரமாச்சாம் எனக்கு.

"தப்பு என்னுதுங்க. உங்க பொண்ணு செரியாத்தான் எழுதியிருக்கு. நான்தான் தலைகீழாப் படிச்சேன்" என்றேன்.

வேணுகோபால் கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார். "அப்ப பொண்ணுக்கு யோசிக்க வருதுங்களா டீச்சரம்மா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "எனக்கு மேல வருதுங்க" என்றேன். அழுதுவிட்டேன். பூங்காவனம் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

தீபா மட்டும் அசையவில்லை. "திங்கட்கெழம வந்துடும்மா" என்று கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"சார் சிரிச்சது பரவால்ல டீச்சர். அவருக்கு என்னத் தெரியாது. நீங்க சிரிச்சீங்க."

மறுபடி கிராப் பக்கம் திரும்பிவிட்டாள்.

டிசம்பர் 8, திங்கள்

வரவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். 'மழை தீபா' என்று இனி யாராவது கூப்பிட்டால் தொலைத்துவிடுவேன் என்றேன். தொலைத்துவிடுவேன் என்றால் சரியாகிவிடுமா? பின் பெஞ்சுக்காரன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

டிசம்பர் 9, செவ்வாய்

வரவில்லை.

டிசம்பர் 10, புதன்

எச்.எம்.மிடம், வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைக் காட்டி நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். ஆபீசர் இருக்கும்போது சிரித்தேன், ஆபீசர் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும்.

"பைத்தியமா ஒனக்கு? சிரிச்சவரு அவரு. அவரு மூஞ்சில கரியப் பூசறதுக்கா இருவது டீச்சர கூட்டிகினு வராரு? பேசாம நடத்து. ஏற்கெனவே பேஜாரு புடிச்ச நெலமையில கீறோம்."

"நான் சிரிச்சத மட்டும் சொல்றேன் மேடம்."

"அந்தப் பொண்ணு வருமா அதனால?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

டிசம்பர் 12, வெள்ளி

இருபத்து நான்கு ஆசிரியர்கள் சுவரோரமாக நின்றார்கள், ஆபீசர் நாற்காலியில். தீபாவின் இடம் காலி. காலையில் வரும் வழியில் அவள் வீட்டுப் பக்கம் போய், "இன்னிக்கு மட்டும் வா, பின்னால நின்னு கேளு போதும்" என்று கெஞ்சிவிட்டுத்தான் வந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்தாள். வெளியே வரவில்லை.

தாளை எடுத்துக் காட்டினேன். சிவப்புக் குறி எல்லோருக்கும் தெரியும்படி. அம்புக்குறி போடாமல் கொடுத்தேன், கீழிருந்து படிக்கிற வீட்டுப் பிள்ளை கீழிருந்து எழுதினாள், எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை, சிரித்தேன், பிள்ளை நின்றுவிட்டாள் என்றேன். படத்துக்குப் பாஷை கிடையாது என்று கைதட்டினேனே, இருக்கிறது, வீட்டுக்கு வீடு இருக்கிறது என்றேன். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், இது இன்னிக்குத் தேவையா?" என்றார்.

அப்போதுதான் நிலா எழுந்தாள். "டீச்சர், அந்த முள்ளுல இப்ப எழுதலாங்களா?"

சுவரில் அந்த மீன்முள் சார்ட் அப்படியே இருந்தது. எழுது என்றேன். அத்தனை பேர் நடுவில் போய், எக்கி நின்று, காலி முள்ளில் எழுதினாள். 'டீச்சர் சிரித்தது.' எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள், அடிப்பேனோ என்று. சரி என்று தலையாட்டினேன். போளூரிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மற்றவர்கள் சன்னலைப் பார்த்தார்கள்.

டீ குடிக்காமல் போய்விட்டார் ஆபீசர். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் நடக்க இருந்த ஆசிரியர் பயிற்சியை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம். நாலு மணிக்கு எச்.எம். போனை எடுத்து என் கண் எதிரிலேயே தீபா பெயரைப் பொதுப் பட்டியலுக்குத் தள்ளினார். "பன்னண்டுன்னுதான சொன்னேன்" என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

என்ன சாதித்தாய், கண்ணகி? பிள்ளையும் இல்லை, பேரும் இல்லை. கேட்க வேண்டியவள் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 17, புதன்

அரையாண்டுத் தேர்வு. முப்பத்தோரு தாள் கொடுத்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வு முடிந்தது. போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், "கல்யாணத்துக்குப் போயிருக்காங்க" என்றார்கள். யார் கல்யாணம் என்று பதறிக் கேட்டேன். பூங்காவனத்தின் தம்பிக்காம். சந்து முனை வரை வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் பிடிக்க வந்தவள், "நவுருங்க டீச்சர்" என்றாள்.

ஜனவரி 2, வெள்ளி

விடுமுறை முழுக்க எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? தோற்றவள் தினமும் தோற்றேன் என்றா எழுதுவாள்?

இனியா கேட்டாள், "இந்தப் படமெல்லாம் விட்டுடப் போறியாம்மா?" தெரியவில்லை. பழையபடி கேள்வி பதில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைத்தால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அப்போது தீபாவின் தறிக்குழி எனக்கு எந்தக் காலத்தில் தெரியும்?

ஜனவரி 7, புதன்

எச்.எம். போனைக் கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். பொதுப் பட்டியலில் தீபா இல்லை. டவுனில் உள்ள பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் திங்கட்கிழமை சேர்த்திருக்கிறார்கள். "அப்பன் நேரா போயி சேத்திருக்கான். நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு" என்றார். அவர் குறைபட்டாரா, சந்தோஷப்பட்டாரா, தெரியவில்லை.

என்னிடம் வரவில்லை. என் வகுப்புக்கு இனி வரவும் மாட்டாள். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். வகுப்பில் போய் உட்கார்ந்தேன், பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்தார்கள். நிலா தட்டோடு திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். "தீபா குடுக்கச் சொன்னா டீச்சர். மிச்சமிருந்த ஜெராக்ஸுல ஒண்ணு நான்தான் எடுத்துகினு போயி குடுத்தேன். திட்டாதீங்க." ஓடிவிட்டாள்.

என் ஆறு கட்டம். ஒவ்வொரு கோட்டிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தாள், மேல் நோக்கி. கீழிருந்து படித்தேன்.

டீச்சர் எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க.

எனக்கு யோசிக்க வராதுன்னு அப்பாகிட்ட சொன்னேன்.

டீச்சர் எல்லார் முன்னாடியும் தப்பு அவங்களுதுன்னு சொன்னாங்க. நிலா வந்து சொன்னா.

வரிசை படிக்க அம்மா கத்துக்கறேன்னு சொன்னாங்க.

அப்பா வேற பள்ளிக்கூடத்துல சேத்தாரு.

தெனமும் வீட்டுப்பாடம் எழுதறேன் டீச்சர். மழையே பெய்யல.

சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். நல்ல வெயில்.